காட்டுயிர்ச் சூழலியல் படிப்பு: பட்டம் தேர்வதில் இருந்து ஆய்வேடு முடிப்பது வரை

காட்டுயிர்ப் படிப்புக்குப் பலரை இழுத்து வருவது விலங்குகள் மேல் உள்ள பிரியம். உள்ளே போனதும் எதிர்ப்படுவது கணக்கு. ஓர் இடத்தில் எத்தனை விலங்குகள் இருக்கின்றன, எங்கெங்கே இருக்கின்றன, கூடுகின்றனவா குறைகின்றனவா, ஏன்? இந்த நான்கு கேள்விகளைச் சுற்றித்தான் பாடத்திட்டம் சுழல்கிறது. நான்குக்கும் ஒரே இடையூறுதான்: விலங்கு ஒளிந்திருக்கும், இரவில் உலவும், நாம் வரும் சத்தம் கேட்டதும் நகர்ந்துவிடும். "பார்க்கவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதிவிடாமல் இருக்கக் கற்றுக்கொள்வதே இந்தப் படிப்பின் முதுகெலும்பு. அதை மனதில் வைத்துக்கொண்டு, பட்டத்தைத் தேர்வதில் தொடங்கி ஆய்வேட்டை ஒப்படைப்பது வரை எதை எப்போது செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் படியுங்கள்

விலங்கியல், சூழலியல், காட்டுயிர் உயிரியல், பாதுகாப்பு அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல் என்று ஆறேழு பெயர்களில் பட்டங்கள் இருக்கின்றன. விலங்கியலில் உடலமைப்பு, உடலியங்கியல், மரபியல், வகைப்பாடு ஆகியவற்றுக்கு இடம் அதிகம். சூழலியல் பட்டம் உயிரினங்களுக்கு இடையிலான உறவையும் சூழல்மண்டலங்களின் இயக்கத்தையும் பேசும். காட்டுயிர் உயிரியலில் கணக்கெடுப்பு முறைகளும் வாழிட மேலாண்மையும் முன்னால் நிற்கும். பாதுகாப்பு அறிவியல் இவற்றோடு பொருளியல், சட்டம், சமூகவியல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளும். சுற்றுச்சூழல் அறிவியல் பெரும்பாலும் நீர், காற்று, மண், மாசு பற்றியது. விலங்கைத் தேடி அதில் சேர்ந்தவர்கள் ஏமாந்துபோவது உண்டு. வனவியலின் மையம் மரமும் காடு வளர்ப்பும்.

பெயர் எதுவானாலும் பாடத்திட்டத்தில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள். புள்ளியியலுக்குக் குறைந்தது இரண்டு தாள்கள், அதில் ஒன்றாவது கணினி ஆய்வகத்தோடு. தொடர்ந்து ஒரு வாரமாவது களத்தில் தங்கிச் செய்யும் களப்பயிற்சி. காலையில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலாக்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தாவரங்களை அடையாளம் காணும் பாடம். ஜிஐஎஸ் என்னும் புவியியல் தகவல் முறைமை. கடைசி ஆண்டில் மாணவர் தாமே தரவு திரட்டிச் செய்யும் ஆய்வு. பெயரில் "காட்டுயிர்" இருந்தும் இந்த ஐந்தில் மூன்று இல்லையென்றால், நல்ல புள்ளியியல் ஆசிரியர் உள்ள ஒரு சாதாரண விலங்கியல் துறையே மேல். ஒரு துறையைப் பற்றி வேறு எதைக் கேட்பதைவிடவும், சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.

பள்ளியில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: உயிரியலை எடுத்தாலும் கணிதத்தை விட்டுவிடாதீர்கள்.

முதல் ஆண்டு: அடையாளம் காணும் பழக்கம்

இனத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதவரிடம் எவ்வளவு நல்ல கணக்குமுறை இருந்தும் பயனில்லை. முதல் ஆண்டிலேயே இரண்டு உயிரினக் குழுக்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று பறவைகள் போலக் கண்ணில் எளிதில் படுவது, இன்னொன்று புற்கள், எறும்புகள், சிலந்திகள் போலப் பொறுமை கேட்பது. இரண்டாவதுதான் பிற்காலத்தில் வேலை வாங்கித் தரும். பறவை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புல் தெரிந்தவர்கள் எங்கும் குறைவு. தாவர உண்ணிகளைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் அவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பைனாகுலர் வாங்கும்போது 8×42 என்பது பொதுவான பயன்பாட்டுக்கு நல்ல அளவு. 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்லென்சின் விட்டம் மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம். விடியற்காலையிலும் அடர்காட்டு நிழலிலும் இந்த எண் பெரிதாக இருந்தால் காட்சி துலங்கும். 10 மடங்கு உருப்பெருக்கம் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் கைநடுக்கமும் அதே அளவு பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும்.

புதிய பறவையையோ செடியையோ பார்த்ததும் கையேட்டைத் திறக்காதீர்கள். முதலில் அளவு, வடிவம், நிறம் இருந்த இடம், குரல், செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை எழுதிவிட்டுப் பிறகு திறங்கள். படத்தைப் பார்த்த பின் எழுதினால், பார்க்காத அடையாளங்களையும் பார்த்ததாக மனம் நம்பிவிடும். தாவரத்தை அழுத்தி உலர்த்தும்போது பூ அல்லது காயோடு எடுங்கள். ஒரு இலையாவது பின்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள். முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூவின் நிறமும் மரத்தின் உயரமும் உலர்ந்த மாதிரியில் நிற்காது என்பதால் அவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும்.

கோட்பாட்டில் எதைப் பிடித்துக்கொள்வது

பாடநூல்கள் தடிமனானவை. ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படும் கருத்துகள் சிலவே. ஒரு விலங்குத்தொகை மாறுவது நான்கே காரணங்களால்: பிறப்பு, இறப்பு, உள்ளே வருதல், வெளியே போதல். எந்தப் பாதுகாப்புத் திட்டத்தைப் படித்தாலும் இந்த நான்கில் எதை அது மாற்றப் பார்க்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். பாதித் திட்டங்கள் அங்கேயே திணறும். சூழலியலாளர்கள் ராபர்ட் மெக்கார்தரும் எட்வர்ட் வில்சனும் 1967-ல் நூலாக முன்வைத்த தீவு உயிர்ப்புவியியல் கோட்பாடு, தீவின் பரப்பும் தொலைவும் அங்குள்ள இனங்களின் எண்ணிக்கையை எப்படித் தீர்மானிக்கின்றன என்று விளக்கியது. துண்டாடப்பட்ட காடுகளைத் தீவுகளாகப் பார்க்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. ஆனால் காட்டுத் துண்டைச் சுற்றி இருப்பது கடல் அல்ல, வயலோ தோட்டமோ ஊரோ. சில விலங்குகள் அதைக் கடந்துவிடும். தேர்வுத்தாளில் பலர் கோட்டைவிடும் இடம் இது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன், இனங்களின் அழிவு அபாயத்தை வகைப்படுத்தும் சிவப்புப் பட்டியலின் அளவுகோல்களையும் முதல் இரண்டு ஆண்டுக்குள் எண்களோடு தெரிந்துகொள்ளுங்கள். பத்து ஆண்டுகளிலோ மூன்று தலைமுறைகளிலோ, எது நீளமோ அந்தக் காலத்துக்குள், எண்ணிக்கை 80 விழுக்காடு சரிந்து, சரிவுக்கான காரணமும் நீங்காமல் இருந்தால் மிக அருகிய இனம். 50 விழுக்காடு என்றால் அருகிய இனம். 30 என்றால் அழிவாய்ப்புள்ள இனம். இனப்பெருக்க வயது வந்தவை மட்டும் 50-க்குக் குறைவாக இருந்தாலும் முதல் வகையில் சேரும். ஆக, எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும் விலங்கும் வேகமாகச் சரிந்தால் பட்டியலில் மேலே போகும். "அரிது" என்பதும் "ஆபத்தில் உள்ளது" என்பதும் ஒன்றல்ல.

தெற்காசியாவின் பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளின் கதையை ஒவ்வொரு மாணவரும் விரிவாகப் படிக்க வேண்டும். 1990-களில் மூன்று இனப் பாறுகள் மளமளவெனச் சரிந்தன. தொற்றுநோயாக இருக்கும் என்ற ஐயம் பல ஆண்டுகள் நீடித்தது. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது, சிறுநீரகம் செயலிழந்திருந்தது. கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்துதான் காரணம் என்று 2004-ல் வெளியானது. 2006-ல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகள் அந்தக் கால்நடை மருந்துக்குத் தடை கொண்டுவந்தன. கணக்கெடுப்பு, நோயியல், வேதியியல், சட்டம் நான்கும் சேராமல் இந்த விடை கிடைத்திருக்காது. வாழிட அழிவும் வேட்டையும்தான் எப்போதும் காரணம் என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

புள்ளியியல்: தள்ளிப்போடக் கூடாத பாடம்

ஆர் என்ற கணினி மொழியை இரண்டாம் ஆண்டுக்குள் கற்றுவிடுங்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் தொடங்கிய இது இலவசம். சூழலியல் ஆய்வின் பெரும்பகுதி இன்று இதில்தான் நடக்கிறது. தினம் அரைமணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். பயிற்சிக்கென வரும் சுத்தமான தரவில் மட்டும் பழகினால் களத்தரவைக் கண்டதும் கை ஓடாது. அழுக்கான தரவு ஒன்றைப் பிடித்து, பெயர் எழுத்துப்பிழைகளைச் சரிசெய்து, விடுபட்ட இடங்களைக் கண்டுபிடித்து, ஒரு வரைபடம் போடும் வரை கொண்டுபோங்கள்.

மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி காணும் பிழை போலிப் பிரதி: ஒரே இடத்தில் எடுத்த பல அளவுகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணிவிடுவது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் இதைப் பெயரிட்டு எழுதியும் இன்னும் ஒழியவில்லை. தீப்பட்ட ஒரு காட்டில் 30 சதுரங்கள், தீப்படாத ஒரு காட்டில் 30 சதுரங்கள் போட்டு, செடிகளை எண்ணி ஒப்பிட்டால், பார்வைக்கு மாதிரி அளவு அறுபது. கேள்வி தீயின் விளைவைப் பற்றியது என்பதால் உண்மையில் மாதிரி அளவு தீப்பட்டதில் ஒன்று, தீப்படாததில் ஒன்றுதான். இரண்டு காடுகளும் மண், ஈரம், சரிவு எதில் வேண்டுமானாலும் வேறுபட்டிருக்கலாம். ஆறு தீப்பட்ட காடுகள், ஆறு தீப்படாத காடுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து சதுரங்கள் என்றால் எண்ணுவது அதே அறுபது சதுரங்கள்தான், அலைச்சல் மட்டும் அதிகம். ஆனால் விடை நிற்கும்.

எண்ணிக்கைத் தரவுக்கு நேராக சராசரி ஒப்பீட்டுச் சோதனை போடுவது அடுத்த பிழை. எண்ணிக்கைகள் முழு எண்கள், சுழியத்துக்குக் கீழே போகாதவை. பாய்சான் பரவல் அவற்றுக்குத் தொடக்கம். ஆனால் பாய்சானில் சராசரியும், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவான பரவற்படியும் சமமாக இருக்க வேண்டும். விலங்குகள் கூட்டமாக இருப்பதால் களத்தில் பரவற்படி பெரும்பாலும் பல மடங்கு பெரிதாக இருக்கும். அப்போது எதிர்மறை ஈருறுப்புப் பரவலுக்கு மாறாவிட்டால், இல்லாத விளைவுகளெல்லாம் இருப்பதாகத் தெரியும். ஒரே இடத்துக்குப் பலமுறை போயிருந்தால் அந்த இடத்தைக் கலப்பு மாதிரி என்னும் கணக்குமுறையில் சமவாய்ப்புக் காரணியாகச் சேர்க்க வேண்டும். இருபது இடங்களின் தரவில் பன்னிரண்டு சூழல் மாறிகளைத் திணிப்பதும் வேண்டாம். பத்து தரவுக்கு ஒரு மாறி என்பது சுமாரான ஆனால் பாதுகாப்பான கணக்கு.

இதற்கெல்லாம் மேலான ஒரு பழக்கம் உண்டு. களத்துக்குப் போகும் முன்பே, எதிர்பார்க்கும் விடையை வைத்து ஆர் மொழியில் ஒரு பொய்த் தரவை உருவாக்கி, திட்டமிட்ட பகுப்பாய்வை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். நாமே புதைத்த விளைவை நம் முறையால் தோண்டி எடுக்க முடியவில்லை என்றால், காட்டிலிருந்து மட்டும் எப்படி எடுக்க முடியும்?

காணாததைக் கணக்கில் சேர்ப்பது

நூறு குளங்கள் இருக்கின்றன, அனைத்திலும் ஒரு தவளை இனம் வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை போனால் அதைக் கண்டறியும் வாய்ப்பு 0.3. ஒரே முறை போய்த் திரும்பினால் சுமார் 30 குளங்களில்தான் பார்த்திருப்போம். மீதி எழுபதையும் "இல்லை" என்று எழுதிவிடுவோம். மூன்று முறை போனால் ஒரு குளத்தில் தவறவிடும் வாய்ப்பு 0.7-இன் மும்மடிப் பெருக்கம், அதாவது 0.343. ஐந்து முறை போனால் 0.168. ஐந்து முறை போன பிறகும் நூற்றில் பதினேழு குளங்கள் கை நழுவும். ஆனால் எந்த முறை பார்த்தோம், எந்த முறை பார்க்கவில்லை என்ற வரிசையை எழுதி வைத்திருந்தால், அதிலிருந்தே கண்டறியும் வாய்ப்பைக் கணித்து உண்மையான பரவலை மதிப்பிடலாம். டேரில் மெக்கென்சியும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் முன்வைத்த இருப்பு மாதிரிகள் என்னும் கணக்குமுறைகள் இதைத்தான் செய்கின்றன. மழைக்குப் பின் தவளை சத்தமிடும், வறண்ட நாளில் வாய் திறக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் வானிலையைக் குறிக்காதவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

பிடித்துக் குறியிட்டு விட்டு மீண்டும் பிடிக்கும் முறையும் அதே சிக்கலுக்கான இன்னொரு வழி. முதல் நாள் 40 எலிகளைப் பிடித்துக் குறியிட்டு விடுகிறோம். பிறகு 50 எலிகள் பிடிபடுகின்றன, அதில் 10 குறியிட்டவை. 40-ஐ 50-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 200. மாதிரி சிறியது என்பதால் இந்தக் கணக்கு சற்று மிகையாகச் சொல்லும். சாப்மன் திருத்தத்தில் 41-ஐ 51-ஆல் பெருக்கி, 11-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் 189 வரும். ஆனால் பொறிக்குள் இரை கிடைக்கும் என்று பழகிய எலிகள் திரும்பத் திரும்ப வந்து விழுந்து, 10-க்குப் பதில் 20 குறியிட்டவை கிடைத்தால்? விடை 100 ஆகிவிடும். பாதி எலிகள் காகிதத்தில் காணாமல் போகும். எலிகள் பொறிக்குப் பயந்து ஒதுங்கினால் பிழை எதிர்ப்பக்கம் நேரும். குறி உதிர்ந்தாலும் புதிய எலிகள் உள்ளே வந்தாலும் இதே போலக் கணக்குக் கெடும். சூத்திரம் ஒரு வரி. அது நம்பியிருக்கும் நிபந்தனைகளைச் சரிபார்ப்பதில்தான் வேலை.

நேர்கோட்டுத் தடத்தில் நடந்து எண்ணும்போது வேண்டியது தடத்திலிருந்து விலங்குக்கு உள்ள செங்குத்துத் தொலைவு. பார்த்த தொலைவை லேசர் தொலைவுமானியிலும் கோணத்தைத் திசைகாட்டியிலும் எடுத்து, தொலைவை அந்தக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். 50 மீட்டரில் 30 பாகையில் நின்ற மானுக்கு 25 மீட்டர். திசைகாட்டியை அசட்டையாகப் பார்த்து 35 என்று எழுதினால் 28.7 மீட்டர் ஆகும். நேரெதிரே தெரிவதையெல்லாம் சுழியம் பாகை என்று எழுதிவிடும் வழக்கம் இன்னும் மோசம்: தடத்தின் மேலேயே விலங்குகள் குவிந்திருப்பதாகத் தரவு சொல்லும், அடர்த்தி வீங்கிப்போகும். விலங்கு நம்மைக் கண்டு நகரும் முன் நின்ற இடத்துக்கே அளவெடுக்க வேண்டும். நம்பத்தக்க மதிப்பீட்டுக்கு 60 முதல் 80 காட்சிகளாவது தேவை. ஒரு மாதக் களப்பணியில் ஆறேழு முறை மட்டும் தென்படும் விலங்குக்கு இந்த முறையைத் தேர்வது வீண்.

தானியங்கி கேமராவை நடுத்தர, பெரிய பாலூட்டிகளுக்கு முழங்கால் உயரத்தில், 40 முதல் 50 செ.மீ. மேலே கட்டுங்கள். கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைத்தால் உதயமும் அஸ்தமனமும் நேராக லென்சில் அடித்து வெறும் படங்களாக நிறையும். வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். முன்னால் ஆடும் புல்லையும் கிளையையும் வெட்டாமல் விட்டால் நினைவட்டை ஒரே நாளில் நிரம்பிவிடும். உணரி இயங்குவது அசைவும் வெப்ப வேறுபாடும் சேர்ந்தால்தான். கோடை நண்பகலில் தரையின் சூடும் விலங்கின் உடற்பரப்புச் சூடும் ஒன்றாகும்போது கேமரா கண்மூடிவிடும். அந்த நேரத்தில் படம் இல்லை என்பதால் விலங்கு உலவவில்லை என்று எழுதிவிடக் கூடாது. தேதியும் நேரமும் சரிதானா என்று பார்த்து, முன்னால் தவழ்ந்து சோதித்து, முதல் படமாக இடத்தின் பெயர் எழுதிய அட்டையைக் காட்டிவிட்டு நகருங்கள். உடல் வரிகளை வைத்துத் தனி விலங்குகளை அடையாளம் காண்பதாக இருந்தால் பாதையின் இருபுறமும் கேமரா வேண்டும், ஏனெனில் இடப்பக்க வரிகள் வேறு, வலப்பக்க வரிகள் வேறு. இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் சற்றே விலக்கி வைத்தால் ஒன்றின் ஒளி மற்றதைக் கெடுக்காது.

களக்குறிப்பும் கோப்பும்

நோட்டில் பென்சிலாலோ நீரில் கரையாத மையாலோ எழுதுங்கள். தேதியை 2025-03-07 என்ற வரிசையில் எழுதினால் அது மார்ச் 7-ஆ ஜூலை 3-ஆ என்ற குழப்பம் வராது. தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், உடன் வந்தவர், வானிலை ஆகியவை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்க வேண்டும். எதுவுமே தென்படாத நாளையும் எழுதுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் சுழியம். தேடவே இல்லை என்றால் வெற்றிடத்தைக் குறிக்கும் தனிக்குறி. இரண்டையும் ஒன்றாக விட்டவர்களின் தரவைப் பிற்பாடு யாராலும் காப்பாற்ற முடிவதில்லை.

ஜிபிஎஸ் ஆயங்களில், அதாவது இடத்தைச் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில், ஒரு பழைய கண்ணி இருக்கிறது. 11 பாகை 30 நிமிடம் என்பது தசமத்தில் 11.5. அதை 11.30 என்று தட்டச்சு செய்துவிட்டால் 0.2 பாகை பிழை. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ. என்பதால் உங்கள் ஆய்வுக்களம் 22 கி.மீ. தள்ளிப் போய்விடும். கருவியில் தசமப் பாகையையும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புவி ஆய அடிப்படையையும் முதல் நாளே அமைத்துவிடுங்கள். அன்றைய குறிப்பை அன்று மாலையே படம் எடுத்து, விரிதாளில் ஏற்றி, வேறு இடத்தில் ஒரு நகல் வையுங்கள். மூலக்கோப்பில் கைவைக்காமல், திருத்தங்கள் எல்லாவற்றையும் கணினி நிரலில் செய்தால் எங்கே என்ன மாற்றினோம் என்பதற்குச் சாட்சி இருக்கும்.

அனுமதி, அறம், மனிதர்கள்

பாதுகாக்கப்பட்ட பகுதியில் நுழைய ஒரு அனுமதி, விலங்கைப் பிடிக்க இன்னொன்று, பல்கலைக்கழகத்தின் விலங்கு அறக்குழுவின் ஒப்புதல் தனி. மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. பருவம் தொடங்கிய பின் விண்ணப்பித்தால் அந்தப் பருவம் போயிற்று என்றே எடுத்துக்கொள்ளலாம். ரத்தம், முடி, எச்சம் போன்ற மாதிரிகளை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், 1973-ல் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்த, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் அந்த இனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒற்றை முடிக்குக்கூட அனுமதித் தாள் வேண்டும். மரபணுப் பொருளுக்கு மரபணு வளங்களின் பயனைப் பகிர்வது பற்றி 2014 முதல் நடப்பில் உள்ள நகோயா நெறிமுறையும் பொருந்தலாம்.

விலங்கின் மேல் கருவி பொருத்தும்போது அதன் எடை உடல் எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நீண்டகால வழக்கம். பறவைகளுக்கு 3. இப்போது அதற்கும் கீழே வைக்கவே அறக்குழுக்கள் வற்புறுத்துகின்றன. எச்சத்திலிருந்து எடுக்கும் மரபணுவிலோ கேமராப் படத்திலோ அதே விடை கிடைக்குமென்றால், பிடிக்காமல் விடுவதே சரி.

காட்டோரத்தில் வாழ்கிறவர்களிடம் கேள்வித்தாளோடு போகும் மாணவர்களுக்கு மனித ஆய்வு அறக்குழுவின் ஒப்புதலும் தேவை. யார், எதற்காகக் கேட்கிறோம், பதில் எங்கே போகும் என்று அவர்கள் மொழியில் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே நோட்டைத் திறக்க வேண்டும். "வேட்டையாடுகிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் உண்மை வராது, வந்தாலும் அது சொன்னவருக்கு ஆபத்தாகலாம். வழிகாட்டியாகவும் தடம் பார்ப்பவராகவும் உடன் வரும் உள்ளூர்க்காரரின் அறிவு தரவில் கலந்திருக்கிறது என்றால், ஆய்வேட்டில் அவர் பெயரும், அவர் விரும்பினால் கட்டுரையில் அவருக்கு ஆசிரியர் இடமும் இருக்கட்டும்.

வெளவாலோடு வேலை செய்பவர் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். தனியே களத்துக்குப் போகாதீர்கள். திரும்பும் நேரத்தையும், திரும்பாவிட்டால் எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆய்வேடு: ஆறு மாதத்தில் என்ன முடியும்

பெரிய, அரிய விலங்கைத் தலைப்பாக எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆறு மாதத்தில் அது மூன்று முறை கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்; மூன்று தரவுப் புள்ளிகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. எறும்பு, சிலந்தி, தட்டான், சாதாரணப் பறவை, விதை தின்னும் எலி ஆகியவை ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கில் தரவு தரும், சூழலியலின் பெரிய கேள்விகளுக்கும் விடை சொல்லும். கேள்வியும் குறுகலாக இருக்கட்டும். "தட்டான்களின் பல்வகைமை" என்பது கேள்வியே அல்ல. "கரையோர நிழல் கூடும்போது ஓடைத் தட்டான் இனங்களின் எண்ணிக்கை குறைகிறதா?" என்றால் எதை அளப்பது, எங்கே அளப்பது என்பது கேள்வியிலேயே இருக்கிறது.

26 வாரங்களை இப்படிப் பிரிக்கலாம்: படிப்புக்கும் கேள்வியைத் தீட்டவும் 4, முன்னோட்டக் களப்பணிக்கு 2, தரவு திரட்ட 10, பகுப்பாய்வுக்கு 4, எழுத 6. அனுமதி வேலை இதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். முன்னோட்டத்தின் பயன் கணக்குப் போடுவதில்தான். 40 இடங்கள், ஓரிடத்துக்கு இரண்டு மணி நேர வேலையும் ஒரு மணி நேர நடையும், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் நாளுக்கு இரண்டு இடங்கள். ஒரு சுற்றுக்கு 20 நாள், மூன்று சுற்றுக்கு 60 நாள். மழை, காய்ச்சல், வண்டி பழுது எனக் கால்வாசி நாட்கள் போகும் என்று வைத்தால் 80 நாள் வேண்டும். கையில் இருப்பதோ 70. இடங்களை 30 ஆகக் குறைத்தால் இதே கணக்கில் 60 நாளில் முடியும். சுற்றுகளைக் குறைக்காமல் இடங்களைக் குறைத்ததைக் கவனியுங்கள்: கண்டறியும் வாய்ப்பை மதிப்பிட மறுவருகைகள் வேண்டும். சுற்றுகளைக் கைவிட்டு இடங்களைக் காப்பாற்றுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறான பேரம்.

ஆய்வு வழிகாட்டியை நாடி மின்னஞ்சல் எழுதும்போது ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து எழுந்த கேள்வி, உங்களுக்குத் தெரிந்த முறைகள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வர முடியும் என்பது போதும். சிறுவயது முதல் விலங்குகள் பிடிக்கும் என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். அவரிடம் ஏற்கெனவே படித்த மாணவர் இருவரிடமும் பேசுங்கள்: வரைவைத் திருத்தித் தர எத்தனை நாள் ஆகிறது, களத்தில் சிக்கல் என்றால் தொலைபேசியை எடுப்பாரா, கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா.

எழுதும்போது முறைகள் பகுதியில் தொடங்குங்கள், களத்தில் இருக்கும்போதே. முடிவுகளை எழுதுகையில் விளைவின் அளவையும், உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பைக் காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் முதலில் சொல்லி, நிகழ்தகவு மதிப்பைப் பின்னால் வையுங்கள். "வேறுபாடு இல்லை" என்று எழுதும் முன் இடைவெளியைப் பாருங்கள். அது மிக அகலமாக இருந்தால் உங்கள் தரவால் எதையும் சொல்ல முடியவில்லை என்பதே பொருள்.

பட்டத்துக்குப் பின்

ஆராய்ச்சி ஒரு வழி மட்டுமே. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், அரசு வனத்துறைகள், தொண்டு நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், உயிரியல் பூங்காக்கள், செயற்கைக்கோள் படப் பகுப்பாய்வு என்று வேலைகள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை கேட்பது மூன்று திறன்கள்: ஒரு உயிரினக் குழுவை ஐயமின்றி அடையாளம் காண்பது, ஜிஐஎஸ், தெளிவான அறிக்கை எழுதுவது. அனுபவம் தருகிறோம் என்று மாணவரிடமே பணம் கேட்கும் தன்னார்வத் திட்டங்களில் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே திரட்டும் தரவு எங்கே வெளியாகிறது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அது சுற்றுலாதான். முனைவர் பட்டத்துக்குப் போவதென்றால் இடையில் ஓரிரு ஆண்டுகள் களத்துணையாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது நல்லது. எந்தக் கேள்விக்கு ஐந்து ஆண்டுகளைக் கொடுக்கலாம் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஆய்வேட்டை ஒப்படைத்ததும் தரவை மடிக்கணினியிலேயே விட்டுவிடாமல், சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாக, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகும் விளக்கமும் சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் இடுங்கள். இனப்பதிவுகளை ஜிபிஐஎஃப் என்னும் உலகளாவிய தரவுத்தளத்துக்குத் தகுந்த வழியில் அனுப்பலாம். கள்ளவேட்டைக்கு இலக்காகும் விலங்கு, திருட்டுக்கு உள்ளாகும் ஆர்க்கிட், கூடு கட்டும் அரிய பறவை போன்றவற்றுக்கு மட்டும் துல்லியமான ஆயங்களை வெளியிடாதீர்கள். தசமத்துக்குப் பின் ஒரு இலக்கமாகச் சுருக்கினால் இடம் சுமார் 11 கி.மீ. கட்டத்துக்குள் மறைந்துவிடும். முழு ஆயங்கள் துறையிடமும் அனுமதி தந்த அலுவலகத்திடமும் இருக்கட்டும். புகைப்படக் கோப்புகளுக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் குறிப்பையும் பதிவேற்றும் முன் அழித்துவிடுங்கள்.